என் பக்கமாக ஆறு சென்டிமீட்டர்

இல்லை, தூரத்தில் பெரிய பிரச்சினை இல்லை, கோணத்தில்தான். அதைச் சொல்லாமலே நேராக "அவன் தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா" என்ற இடத்துக்குத் தாவிவிட்டேன். என் பழக்கமே அப்படி. பாதியிலிருந்துதான் ஆரம்பிப்பேன், முன்பாதியைக் கேட்கிறவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். சரி, கொஞ்சம் பின்னால் போகிறேன், கூடவே வாருங்கள்.

நான் நில அளவைக் குழுவில் கருவி பார்க்கிறவள். சாலையோரம் ஒரு முக்காலியை நிறுத்தி, அதன் மேல் மஞ்சள் பெட்டி ஒன்றை உட்கார வைத்து, குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அதுதான் நான். ஏதோ படம் எடுக்கிறார்கள் என்று முடியைக் கோதிவிட்டுச் சிரித்தபடி கடந்து போகிறவர்கள் உண்டு. படமெல்லாம் இல்லை, கோணம் எடுக்கிறேன். ஒரு கண்ணை எந்நேரமும் மூடியே வைத்திருப்பதால் குழுவில் எனக்கு ஒத்தக்கண்ணு என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில்கூட சில சமயம் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்புகிறேன்.

எனக்கு எதிரே, தொலைவில், ஒருவன் கம்பு பிடித்து நிற்பான். கம்பின் தலையில் ப்ரிசம் என்கிற கண்ணாடி. கம்பின் அடிமுனை தரையில் அடித்திருக்கும் ஆணியின் தலைமேல் துல்லியமாக உட்கார வேண்டும், கம்பு இம்மி சாயாமல் நிற்க வேண்டும். என் கருவியிலிருந்து போகிற ஒளி அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தால் தூரம் தெரியும். கருவியை ஒரு ஆணியிலிருந்து இன்னொரு ஆணிக்கு எவ்வளவு திருப்பினேன் என்பது கோணம். அவ்வளவுதான் எங்கள் பிழைப்பு. ஒரு ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்குப் போகிற கோட்டை சைனும் காஸும் போட்டு இரண்டாகப் பிரித்தால், வடக்கே எவ்வளவு போனோம், கிழக்கே எவ்வளவு போனோம் என்று வந்துவிடும். பள்ளியில் இதைப் படிக்கும்போது "இது எதுக்கு ஆகப்போகுது" என்று பெஞ்சில் படுத்துத் தூங்கியவள் நான். இப்போது அதில்தான் சாப்பாடு.

கம்பு பிடிக்கிறவன் பெயர் குண்டு. ஆள் ஒல்லிக்குச்சி. கொத்தனார் சுவருக்கு நேர் பார்க்கத் தொங்கவிடுகிற தூக்குக்குண்டு மாதிரி நேராக நிற்பான் என்று வைத்த பெயர், சோம்பேறிகள் சுருக்கிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் "யாரு இங்க குண்டு?" என்று தேடுவார்கள். அவனே கையைத் தூக்கி, "நான்தான், டயட்ல இருக்கேன்" என்பான்.

அவன் நின்றால், சாய்வு காட்டக் கம்பில் இருக்கிற நீர்க்குமிழி நடு வட்டத்தை விட்டு அசையாது. காற்று அடித்தாலும், நாய் வந்து காலை முகர்ந்தாலும் அசையாது. எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன். என் லென்ஸ் முப்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும். இருநூறு மீட்டர் தள்ளி நிற்பவன் ஏழு மீட்டரில் நிற்பது போலத் தெரிவான். அவன் யோசித்தால் காது மடலைப் பிடித்து இழுப்பது, வெயில் ஏறினால் இடது புருவம் மட்டும் சுருங்குவது, கம்பைப் பிடித்தபடி உதடு அசைத்து ஏதோ பாடுவது எல்லாம் எனக்குத் தெரியும். என்ன பாட்டு என்று மட்டும் தெரியாது. லென்ஸில் சத்தம் வராது.

அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் ஒரு முக்காலிக்குப் பின்னால் இருக்கும் புள்ளி. அது எனக்கு வசதியாக இருந்தது. இவ்வளவு நாளும் அந்த வசதியில்தான் ஒருவனை முழு நேரமும் பார்த்துக்கொண்டு, சம்பளமும் வாங்கிக்கொண்டு இருந்தேன்.

பக்கத்தில் வந்தால்தான் கஷ்டம். சாப்பாட்டு நேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்தால் நான் டப்பாவைப் பார்ப்பேன், அவன் தண்ணீர் பாட்டிலைப் பார்ப்பான். என் கருவிக்கு ஒன்றரை மீட்டருக்குள் வருகிற எதுவும் தெளிவாகத் தெரியாது, மங்கிவிடும். எனக்கும் அதே குறைபாடு.

பேசுவதெல்லாம் வாக்கி-டாக்கியில்தான். அதுவும் ஒரே அலைவரிசை. நாங்கள் பேசுவதை எங்கள் தலைமை அளவையாளரும் கேட்பார், வண்டி ஓட்டுகிறவரும் கேட்பார். "ரெடியா, ஓவர்." "ரெடி, ஓவர்." "கொஞ்சம் எடது பக்கம் சாஞ்சிருக்கு, ஓவர்." "நானா கம்பா, ஓவர்?" இதுதான் எங்கள் அதிகபட்ச நெருக்கம்.

தலைமை அளவையாளருக்கு முந்நூத்தறுபது என்று பெயர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் முந்நூத்தறுபது. காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் அதற்கு நேர் எதிராகச் சொல்வார், மாலைக்குள் முழுச் சுற்று வந்து காலையில் சொன்ன இடத்திலேயே நின்று, "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். நல்ல மனிதர், தலைதான் சுற்றும், நமக்கு.

இந்த முறை வேலை, மூடிக் கிடக்கிற ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் நிலத்தை அளப்பது. சுற்றிலும் ஆறு இடத்தில் ஆணி அடித்து, ஒவ்வொன்றிலும் கருவியை வைத்து, முந்தைய ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவில் உள்ள கோணத்தை எடுத்துக்கொண்டே சுற்றி வந்து, கிளம்பிய ஆணியிலேயே முடிக்க வேண்டும். இங்கேதான் எனக்கு இந்தக் கணக்கு மேல் ஒரு பித்து. நிலம் எப்படி வேண்டுமானாலும் கோணலாக இருக்கட்டும், ஆறு மூலை என்றால் உள்கோணங்கள் ஆறையும் கூட்டினால் எழுநூற்று இருபது டிகிரி வந்தே தீர வேண்டும். வந்துவிட்டால் சுற்று மூடிவிட்டது என்போம். துளிப் பிழை வரும், பத்துப் பதினைந்து விநாடி வரை விட்டுவிடலாம்.

விநாடி என்றதும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு டிகிரியை அறுபதாகக் கூறு போட்டால் நிமிடம், நிமிடத்தை அறுபதாகக் கூறு போட்டால் விநாடி. கோணத்துக்கும் அதே பெயர்கள்தான். ஆனால் இந்த விநாடி தானாக ஓடாது, நான் திருப்பினால்தான் நகரும். திருப்பாமல் பிடித்துக்கொண்டால் அப்படியே நிற்கும். கடிகார விநாடிக்கும் அந்தக் குணம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வேலை ஆரம்பித்த காலையில் முந்நூத்தறுபது சொன்னார்: "இந்தச் சுத்து மூடுனதும் குண்டு பாலத்து வேலைக்குப் போறான். பெரிய ஆறு. எங்க கம்பெனியிலயே நேரா நிக்கிற ஆளு இவன்தான்னு சொல்லி வச்சிருக்கேன்."

குண்டுக்குப் பாலம் என்றால் ஆசை என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை வண்டியில் வரும்போது ஓட்டுநரிடம், "இந்தக் கரையிலருந்து அந்தக் கரைக்கு ஒரு கோடு இழுக்கணும்ணே, நடுவுல தண்ணி ஓடணும், கோடு நனையவே கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவது போல இருந்தேன்.

ஆக, கணக்கு இதுதான். சுற்று மூடினால் அவன் போய்விடுவான். சுற்றை மூட வேண்டியவள் நான்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒன்றும் தில்லுமுல்லு செய்யவில்லை. ஒவ்வொரு கோணத்தையும் ஒழுங்காகத்தான் எடுத்தேன். ஆனால் எடுக்கும்போதெல்லாம் மனதுக்குள், "எங்கயாவது தப்பு வரட்டும், எங்கயாவது தப்பு வரட்டும்" என்று ஓடிக்கொண்டிருந்தது. கருவி பார்க்கிற ஒருத்தி பிழைக்காக வேண்டிக்கொள்வது, டாக்டர் காய்ச்சலுக்காக வேண்டிக்கொள்வது மாதிரி.

அன்று சாயங்காலம் எங்கள் அலுவலகத்தில் கணக்குப் போட்டேன். அலுவலகம் என்றால் ஒரு இரும்புப் பெட்டகம், கப்பலில் வருமே அது, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. அந்த விசிறி திரும்புகிற பக்கம் மட்டும்தான் கோடை கிடையாது. ஆறையும் கூட்டிவிட்டுத் திரும்பவும் கூட்டினேன்.

"எவ்வளவும்மா வந்துச்சு?" என்றார் முந்நூத்தறுபது.

"எழுநூத்தி இருவது டிகிரி, ஒரு நிமிஷம், அம்பது செகண்ட் சார்."

"எழுநூத்தி இருவது சரி. அந்த ஒரு நிமிஷம் அம்பது செகண்ட் யாரு? யார் வீட்டு விருந்தாளி?"

"தெரியல சார். மறுபடியும் பூரா எடுத்துப் பாத்தாதான் தெரியும்."

"மறுபடியும் பூராவா?"

"பூராவும் சார்." என் குரலில் இருந்த உற்சாகம் எனக்கே அசிங்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

குண்டு வாசலில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். "அப்ப நாளைக்கும் வெயில்தான்" என்றான். அதில் சலிப்பு இருந்ததா, சந்தோஷம் இருந்ததா? முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒன்றரை மீட்டருக்குள் நின்றான்.

மறுநாள் மறுபடியும் முதல் ஆணியிலிருந்து. இந்த நாளைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன், சொன்னால் நீளும், எனக்கு மூச்சு வாங்கும். அளவு எடுத்து முடித்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் அவன் கம்பை எடுத்துக்கொண்டு அடுத்த ஆணிக்குப் போவான். அன்றைக்கு என் கை மேலே போக மறுத்தது. எண் பதிந்த பிறகும் லென்ஸிலேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். குறுக்குக் கோடு நேராக அவன் நெற்றியில் விழுந்திருந்தது. அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏழு மீட்டர்தான். கூப்பிட்டால் கேட்கும் என்று தோன்றும், ஒரு கணம் வாயைக்கூடத் திறந்துவிட்டேன். கண்ணை எடுத்துப் பார்த்தால் வெட்டவெளி, காய்ந்த புல், அந்தக் கோடியில் ஒரு குச்சி.

"மேடம், முடிஞ்சுதா, ஓவர்?" என்று வாக்கி கரகரத்தது.

"இன்னும் கொஞ்சம், ஓவர்."

"எவ்வளவு நேரம் வேணா எடுங்க, ஓவர்."

"யாருப்பா அது, எவ்வளவு நேரம் வேணாலுமா?" என்று நடுவில் முந்நூத்தறுபது புகுந்தார். "டீசல் யாரு உங்க மாமனாரா போடுறாரு?" ஓவர் சொல்ல மறந்துவிட்டார். அவர் சொல்லவே மாட்டார்.

சாயங்காலம் கூட்டினேன். எழுநூற்று இருபது டிகிரி, ஐந்தே விநாடி கூடுதல். சுற்று மூடிவிட்டது. அப்படி ஒரு சுத்தமான மூடல் எனக்கு முன்னால் வாய்த்ததில்லை. வாய்விட்டு அழலாம் போல இருந்தது.

"அப்ப நேத்து எங்க போச்சு?" என்றார் முந்நூத்தறுபது, குண்டு வண்டியில் சாமான் ஏற்றப் போயிருந்த நேரம் பார்த்து. "எந்த ஆணியில, யார் தப்புன்னு பாத்து நாளைக்குச் சொல்லு. கருவியில தப்புன்னா அது நம்ம வீட்டுச் சண்டை. கம்புல தப்புன்னா அவன அனுப்ப மாட்டேன். பாலத்துல ஒரு மில்லி நகந்தா அந்தக் கரையும் இந்தக் கரையும் நடுவுல ஒட்டாது. நகர்ற ஆள அனுப்பிட்டேன்னு என் பேரு கெடக்கூடாது பாரு."

அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. அவன் போவதும் இருப்பதும் என் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லில் இருந்தது.

வீட்டில் எனக்கும் தங்கைக்கும் ஒரே அறை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒருவர் நடந்தால் இன்னொருவர் கட்டிலில் ஏறிவிட வேண்டும். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணையே பார்ப்பதால் எதிரில் இருப்பவர் எதை மறைக்கிறார் என்று சட்டென்று பிடித்துவிடுவாள். நான் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு நாள் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்து ஆணியில் கோணம் இரண்டு, மூன்று விநாடிகூட மாறவில்லை. நான்காவது ஆணியில் கருவி வைத்து ஐந்தாவதைப் பார்த்த கோணம் மட்டும் முதல் நாள் நூற்று ஐந்து விநாடி கூடுதல்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"நாலுலருந்து அஞ்சுக்கு இருநூத்தி ஆறு மீட்டர்."

"இருக்கட்டும்."

"அந்தத் தூரத்துல ஒரு செகண்ட்னா ஒரு மில்லிமீட்டர். அப்ப நூத்தி அஞ்சு செகண்ட்னா?"

"பத்தரை சென்டி. அதனால என்ன?"

"குண்டு அன்னைக்கு ஆணி மேல நிக்கல. பத்தரை சென்டி தள்ளி நின்னிருக்கான்."

தங்கை சீப்பைக் கீழே வைத்தாள். குண்டு பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஆனாலும் எல்லாம் தெரியும் போல இருந்தாள்.

"இரு, தூரத்தையும் பாக்குறேன்" என்றேன். கோணம் சொல்வது பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தான் என்று மட்டும். முன்னால் வந்தானா, பின்னால் போனானா என்பதைத் தூரம் சொல்லும். பார்த்தேன். முதல் நாள் தூரம் ஆறு சென்டிமீட்டர் குறைவு. இரண்டையும் வைத்து முக்கோணம் வரைந்தேன். ஒரு பக்கம் ஆறு, செங்குத்தாக இன்னொரு பக்கம் பத்தரை. டேன் போட்டேன், அறுபது டிகிரி வந்தது. சாய்ந்த பக்கம் பன்னிரண்டு. ஆணியிலிருந்து பன்னிரண்டு சென்டி, எங்கள் கோட்டுக்கு அறுபது டிகிரியில் நகர்ந்திருக்கிறான்.

"குறைவுன்னா?" என்றாள் தங்கை.

"குறைவுன்னா கிட்ட வந்திருக்கான்."

"யாருக்குக் கிட்ட?"

"கருவிக்கு."

"கருவிக்குப் பின்னாடி யாரு?"

நான் தாளை மடிக்கப் போனேன். அவள் என் கையிலிருந்து தாளைப் பிடுங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். "நகந்தது பன்னெண்டு, அதுல உன் பக்கம் ஆறு. சரியா பாதி."

"காஸ் அறுபதுன்னா பாதிதான்டி."

"மீதி?"

"மீதி ஆறு இல்ல. சைன் அறுபது. பத்தரை."

"ஆறும் பத்தரையும் பதினாறரை. பன்னெண்டுதான நகந்தான்? என்னக்கா கணக்கு இது?"

"அது அப்படித்தான். முக்கோணத்துல நேராக் கூட்டக் கூடாது."

"உன் பக்கம் ஆறு, வெக்கத்து பக்கம் பத்தரை" என்று சொல்லிவிட்டு அவள் தலையணையில் விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்தபின் எழுந்து உட்கார்ந்து, கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்: "இங்க பாரு, அங்க தண்ணி கிண்ணி தேங்கியிருக்கும். ஷூ நனையாம ஒதுங்கி நின்னிருப்பான். நீ பாட்டுக்கு டேன் போட்டுக் கல்யாண மண்டபம் வரைக்கும் போயிடாத."

அங்கே தண்ணீர் தேங்கும்தான். ஐந்தாவது ஆணி பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். தொட்டி ஒழுகும்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் அங்கே போனேன். ஆணியைச் சுற்றி மண் ஈரமாக, இறுகலாக இருந்தது. ஆணியில் அளவு நாடாவை வைத்து, நான்காவது ஆணியின் திசை பார்த்து, அறுபது டிகிரி கணக்குப் பண்ணி, பன்னிரண்டு சென்டி தள்ளி விரலை வைத்தேன். விரல் உள்ளே போனது. கம்பின் முனை அளவுக்கு ஒரு குழி. சறுக்கிய குழி இல்லை, மண் பிதுங்கவில்லை, நேராக, செங்குத்தாக இறங்கியிருந்தது. ஆணி தண்ணீரில் மூழ்கியிருந்ததற்கான தடமும் இல்லை, தலையில் சிவப்புப் பூச்சு பளிச்சென்று இருந்தது. ஆனால் அது இன்றைக்கு. அன்றைக்கு எப்படி இருந்ததோ.

நான் அந்தக் குழியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கணக்குப் போட்டு, அது இங்கே ஒன்று இருக்கும் என்று சொல்லி, வந்து பார்த்தால் அது இருக்கிற சுகம் இருக்கிறதே, அதுவே ஒரு போதை. அதற்கு மேல் இது.

வாக்கி கரகரத்தது. "ஏம்மா, பாத்தியா? கம்பா, கருவியா?" முந்நூத்தறுபது. அலைவரிசையில் எல்லோரும் இருக்கிற நேரம். தொழிற்சாலை வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் குண்டு நிற்பது தெரிந்தது. லென்ஸ் இல்லை, ஒரு குச்சி அளவுதான் தெரிந்தான். குச்சி அசையாமல் நின்றது.

கம்பு என்று சொன்னால் அவன் போக மாட்டான். நாளைக்கும் எதிரே நிற்பான், அடுத்த மாதமும் நிற்பான். நகர்கிற ஆள் என்ற பெயரோடு நிற்பான். கம்பு பிடிக்கிறவனுக்கு அதைவிடக் கேவலமான பெயர் கிடையாது.

"கருவி சார்" என்றேன். "நாலாவது ஆணியில நான் கண்ணாடியோட நடுவப் பிடிக்காம ஓரத்தப் பிடிச்சுட்டேன். என் தப்பு. ஓவர்."

கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்தால் பத்தரை சென்டி தப்பு வராது, அதிகம் போனால் மூன்று. அது எனக்குத் தெரியும், குண்டுக்கும் தெரியும். முந்நூத்தறுபது யோசித்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் யோசிக்கவில்லை, திட்ட ஆரம்பித்துவிட்டார். ஒற்றைக் கண்ணையாவது ஒழுங்காகத் திறந்து வைக்கக் கூடாதா என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனார். நான் அலைவரிசை முழுக்கக் கேட்கும்படி "சரி சார், சரி சார்" என்றேன். குச்சி மெதுவாகக் கையைத் தூக்கியது. இரண்டு கையும் இல்லை, ஒன்று மட்டும். எங்கள் சைகைகளில் அப்படி ஒன்று கிடையாது.

மறுநாள் காலை வண்டி வந்தது. ஓட்டுநர் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு பையோடு நேராக என்னிடம் வந்தான். ஒன்றரை மீட்டருக்கும் உள்ளே.

"நீங்க கோணத்துல தப்பு பண்ண மாட்டீங்க" என்றான்.

"நீங்க ஆணிய விட்டு நகர மாட்டீங்க" என்றேன்.

அவன் காது மடலை இழுத்தான். நான் இத்தனை பக்கத்தில் அதைப் பார்த்ததில்லை.

"தரை ஈரமா இருந்துச்சு" என்றான்.

"ஆமா, போய்ப் பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அதற்கு மேல் கேட்டிருக்க வேண்டும். "ஈரத்துக்கு ஒதுங்குனீங்களா?" என்று இரண்டே சொல். நான் அளவு நாடாவை இழுத்து இழுத்து உள்ளே விட்டேன். அவனும் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான், மறுபடி இந்தத் தோளுக்கே மாற்றினான்.

"பாலத்துல கருவி பாக்க ஆள் இல்லையாம்" என்றான்.

"அப்படியா?"

"ஆறு ரொம்ப அகலம். நல்ல கண்ணா வேணும்னு தேடுறாங்களாம்."

"எத்தன கண்ணு வேணுமாம்?"

"ஒண்ணு இருந்தாலே போதும்."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவன் போய் ஏறிக்கொண்டான். வண்டி திரும்பும்போது ஜன்னல் அந்தப் பக்கம் போய்விட்டது, முகம் தெரியவில்லை.

அன்று மத்தியானமே முந்நூத்தறுபது வழக்கம் போலச் சுற்றிக்கொண்டு வந்தார். "தப்பு பண்ணா பண்ணேன்னு தானா ஒத்துக்குற ஆளுங்கதான் அந்த மாதிரி பெரிய வேலைக்கு லாயக்கும்மா, நான் அப்பவே சொன்னேன்ல. பாலத்துக்குப் போறியா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். அம்மாகிட்டயும் கேட்டுக்க." அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "தண்ணிப் பக்கம் கொசு கடிக்கும்" என்றாள். அம்மா மொழியில் அது சம்மதம்.

இப்போது அறையில் உட்கார்ந்து இதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். தங்கை இன்னும் ஷூ கட்சிதான். "ஈரமா இருந்துச்சுன்னு அவனே சொல்லிட்டான், இன்னும் என்ன வேணும்?" என்கிறாள். நான் சொல்கிறேன், ஈரத்துக்கு ஒதுங்குகிறவன் காலைத்தான் ஒதுக்குவான், கம்பை ஆணியிலேயே விடுவான், கம்புக்கு ஷூ கிடையாது. அவள் சொல்கிறாள், ஆணி தண்ணிக்குள்ள இருந்தா தெரியாமக் குத்தியிருப்பான். நான் சொல்கிறேன், கம்பின் முனை இரும்பில் உட்கார்கிறதா மண்ணில் உட்கார்கிறதா என்று அவனுக்குக் கையிலேயே தெரியும். அதற்கு அவள், "சரி, வேணும்னேதான் செஞ்சான்னு வை. அவ்வளவு ஆசை இருக்கறவன் வாயத் தொறந்து சொல்லாம எதுக்கு மண்ணக் குத்தணும்?" என்கிறாள். நானும் வாயைத் திறந்து சொல்லாமல் கருவி மேல்தான் பழி போட்டேன்.

அந்த ஆறு ஒரு கிலோமீட்டருக்குப் பக்கம் அகலமாம். போனால் நான் இந்தக் கரை, அவன் அந்தக் கரை. இங்கே இருந்ததைவிட ஐந்து மடங்கு தள்ளிப் போய்விடுவான், லென்ஸில் பார்த்தால்கூட முப்பது மீட்டருக்கு அந்தப் பக்கம்தான் நிற்பான். ஆனாலும் மூட்டை கட்டலாம் போலத்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று தெரிந்துவிட்டால் இன்றைக்கே சொல்லிவிடுவேன். உங்களுக்கு இப்போது எல்லாமே தெரியும், நான் பார்த்த குழி, வந்த கோணம், அவன் பேசியது, பேசாமல் விட்டது. அவன் தண்ணீருக்கு ஒதுங்கினானா, இல்லை அந்த ஆறு சென்டிமீட்டர் என் பக்கமாகத்தான் வந்தானா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?